ஆறு நிமிட நடை

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது பட்டப்பகலில், மணி 2.40-க்கு, ராயபுரம் டெரிக்குக்கு நடந்தது.

துறைமுகத்தில் முப்பது வருடம் நிலக்கரி இறக்கியவர். போதாததற்குப் பீடி. நுரையீரலின் காற்றுப் பைகள் தொய்ந்துவிட்டன. "இறங்க வேண்டியவங்க இறங்காத பஸ் மாதிரி," என்றார் டாக்டர். "பழைய காத்து உள்ளயே நிக்குது. புதுக் காத்து ஏற இடமில்ல."

மூச்சுக்குழாயில் வால்வு வைத்துப் பழுதான பகுதியைச் சுருக்கலாம். ஸ்கேனைப் பார்த்ததும், டெரிக்குக்கு அது பலிக்காது என்றுவிட்டார்கள். நுரையீரலையே மாற்றலாம்; எப்போது கிடைக்குமோ, தெரியாது. மிஞ்சியது, பழுதான மேல்பகுதியை வெட்டியெடுப்பது. மிச்சம் விரிய இடம் கிடைக்கும். ஆனால் பீடியை விட்டு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் தையல் ஆறாது, காற்று கசியும். உயிர் போகலாம்.

"வுட்டுட்டேன் டாக்டர்," என்றார் டெரிக்.

பொய். அன்று காலையிலும் இரண்டு.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் ஒரு சோதனை: ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். பிசியோதெரபி ஷைனி கடிகாரத்தோடு ஓரமாக நின்றாள்.

"டிரெயின் புடிக்கப் போற மாதிரி ஓடாதீங்க அங்கிள்!"

இரண்டாவது நிமிடம்...

குபுக்.

பின்னால் யாரோ.

குபுக்... குபுக்...

நீல லுங்கி கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். விலாவிலிருந்து ஒரு குழாய். அதன் நுனி, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலுக்குள். நெஞ்சில் கசியும் காற்று அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வெளியேறும். குமிழி வருகிறதென்றால், கசிவு நிற்கவில்லை.

"பீடிய வுட்டியா மாமு?"

"வுட்டு... ஆறு மாசம் ஆவுது."

"நானும் அப்டித்தான் சொன்னேன்."

குபுக்.

லுங்கிக்காரரின் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

குமிழி மட்டும்...

டெரிக் நின்றார். திரும்பினார்.

யாருமில்லை.

"யார்கிட்ட அங்கிள் பேசறீங்க?" என்றாள் ஷைனி. அவள் முகம் வெளுத்திருந்தது.

மணி 2.44.

டெரிக் நேராக டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. ஏழு மாதம் பீடியைத் தொடவில்லை. பிறகுதான் வெட்டினார்கள். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஷைனியிடம் நீல லுங்கிக்காரரைப் பற்றிக் கேட்டார்.

"காலித். திருவொத்தியூர்க்காரு," என்றாள். "பீடிய மறைச்சிட்டாரு. ஆபரேஷன் ஆயி பதினோரு நாள் கசிவு நிக்கல. நீங்க வர்றதுக்கு முந்தின வருஷம் போயிட்டாரு."

கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"ஆபரேஷனுக்கு முந்தி அவர நடக்க வெச்சதும் நான்தான் அங்கிள். அன்னிக்கு அவரும் இதே வராந்தாவுல... பக்கத்துல யார்கிட்டயோ பேசிகினேதான் வந்தாரு."