தாழ்ப்பாள் இல்லாத வீடு

எங்கள் பேருந்து நிலையத்தில் பொழுதுக்கும் ஒரு குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். கழிப்பறைக்கு வழி சொல்லக்கூட அதற்குக் கூச்சம் கிடையாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை நாங்கள் மைக் அக்கா என்போம். நான் பக்கத்தில் முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். மைக்கை அணைத்த பிறகு அவள் பேசுவதெல்லாம் என் காதுக்குத்தான்.

போன வருடம் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. ஊருக்கே அறிவிப்பவள் இதை மட்டும் அறிவிக்கவில்லை. "வயித்துல சின்னக் கட்டி" என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கொடுத்துக் கரண்ட் வைத்தார்கள், பிழைத்து வந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள். "உயிர் தப்பினதே பெருசு. இனிமே உனக்கு வேறென்ன வேணும்?" என்னவோ உயிரோடு இருப்பதே ஒரு பதவி உயர்வு என்பதுபோலப் பேசிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கடைசி நாளில், "இனிமே நார்மல் லைஃப்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த நார்மலுக்குள் என்னென்ன அடக்கம் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. நர்ஸ்தான் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஒரு பையைக் கையில் திணித்தாள். உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகள், ஒல்லியிலிருந்து பருமன் வரை, கூடவே ஒரு களிம்பு.

"கரண்ட் வெச்ச இடம் உள்ளுக்குள்ள சுருங்கி ஒட்டிக்கும்மா. களிம்பு தடவி, சின்னதுல ஆரம்பிச்சு, மெதுவா உள்ள வெச்சுப் பழகணும். விட்டுட்டீங்கன்னா டாக்டர் உள்ள பார்க்கவும் முடியாது, புருஷன் பொண்டாட்டியா சேர்றதும் கஷ்டமாயிடும். அவசரப்படாம, கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யுங்க."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முணுமுணுத்துவிட்டு நர்ஸ் ஓடிவிட்டாள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம். அங்கேதான் வந்தது வினை.

மைக் அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொடுக்கும் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். யார் வண்டி ஓட்டினாலும் நிறுத்துகிற உரிமை அவருடையது. மனைவி வீடு திரும்பிய அன்றே தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குக் குடிபெயர்ந்தார். "உனக்கு ரெஸ்ட் வேணும்" என்றார். அவளுக்குச் சோர்வு போனது, முடி வளர்ந்தது, வேலைக்கும் வந்துவிட்டாள். ரெஸ்ட் மட்டும் முடிகிற வழியாக இல்லை.

இவர்களுக்கு ஒரே மகள், பதினைந்து வயது. சிகிச்சை நடந்த மாதங்களில் அவள் கையில் ஒரு போனைக் கொடுத்து, "தொந்தரவு பண்ணாம ரூம்ல இரு" என்றார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, அப்படியே இருந்தாள். அம்மா பிழைத்து வந்த பிறகுதான் எல்லோருக்கும் ஞானம் பிறந்தது, பிள்ளை போனுக்கு அடிமையாகிவிட்டாளாம்.

பள்ளிக்கூடத்தில் இதற்கென்றே ஒரு பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பேச வந்த அம்மா நாலு விஷயம் சொன்னார். பிள்ளைகள் பூட்டிய அறைக்குள் போன் பார்க்க வேண்டாம். ராத்திரியில் போன்கள் பொது இடத்தில் இருக்கட்டும். பெற்றோரும் போனைக் கீழே வையுங்கள். பிள்ளைகளோடு பேசுங்கள். மாஸ்டருக்கு முதல் விஷயம் மட்டும் காதில் ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்குரூ டிரைவரோடு கிளம்பி எல்லா அறைத் தாழ்ப்பாள்களையும் கழற்றிவிட்டார், படுக்கையறைத் தாழ்ப்பாள் உட்பட.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

குளியலறையை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார். பிறகு ஹாலில் காவல் உட்கார்ந்துகொண்டு, லாரியை ரிவர்ஸ் எடுக்கிற வீடியோக்களைத் தன் போனில் பார்த்தார். அது தொழில் அறிவாம், அடிமைத்தனத்தில் சேராதாம்.

நர்ஸ் கொடுத்த பை பீரோவில் புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குளியலறையில் காலை ஊன்ற இடமில்லை, தரை வழுக்கும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது தட்டுவார்கள். ஒருநாள் துணிந்து படுக்கையறைக் கதவைச் சாத்தி நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். மாஸ்டர் அந்தப் பக்கமாக ரோந்து வந்தார். "கதவைத் திறந்து வை. பெரியவங்களைப் பார்த்துத்தான் பிள்ளை கத்துக்கும்" என்றார்.

"ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்களேன்."

"எதுக்கு?"

"துணி மாத்த."

"பாத்ரூம்ல மாத்திக்கோ."

கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேக்கா?" என்றேன்.

"எந்த வார்த்தையில சொல்லச் சொல்றே?" என்று கேட்டாள். அந்த இடத்துக்கு நம்மிடம் இரண்டு வகைச் சொற்கள்தான் இருக்கின்றன. ஒன்று தெருச் சண்டைக்கு, இன்னொன்று பாடப் புத்தகத்துக்கு. கட்டிய புருஷனிடம் அடுப்படியில் நின்று சொல்ல ஒன்றைக்கூட யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு மாஸ்டரும் போனார். எப்போதும்போல வெளியே உட்கார்ந்திருந்தார். இந்த முறை பெண் டாக்டர். பரிசோதனை தொடங்கியதுமே இவள் வலியில் கத்திவிட்டாள். டாக்டர் நிறுத்திவிட்டு, இவளிடம் கேட்டுக்கொண்டு, மாஸ்டரை உள்ளே கூப்பிட்டார்.

"உள்ள சுருங்க ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா அடுத்த தடவை என்னால சரியா பார்க்க முடியாது. நோய் திரும்பி வந்தாக்கூட கண்டுபிடிக்கறது கஷ்டம். கொடுத்ததை ஏன்மா உபயோகிக்கல?"

மைக் அக்கா சுவரைப் பார்த்தாள். பிறகு வேலையில் பேசுகிற அதே தெளிவோடு சொன்னாள். "எங்க வீட்டுல தாழ்ப்பாள் இல்ல டாக்டர்."

"ஏன்?"

"பொண்ணு நெட்டுக்கு அடிமையாயிடக் கூடாதுன்னு நான்தான் கழட்டிட்டேன்" என்றார் மாஸ்டர், பாராட்டை எதிர்பார்த்து.

அந்த நேரத்து டாக்டர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாராம்.

"நீங்க எங்க தூங்கறீங்க?"

"ஹால்ல. அவளுக்கு ரெஸ்ட் வேணுமே."

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் தரையைப் பார்த்தபடி, "கரண்ட் வெச்ச உடம்பு டாக்டர். நான் தொட்டு, அதனால திரும்ப வந்துடுச்சுன்னா..." என்று இழுத்தார்.

"தொட்டா வராது. உங்களுக்கும் ஒட்டாது. அந்தக் கரண்ட் இப்ப அவங்க உடம்புல இல்லவே இல்ல."

"இதை யாரும் எங்ககிட்ட சொல்லலையே."

"சொல்லியிருக்கணும். அது எங்க தப்புதான்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் தாழ்ப்பாள்களைத் தேடி எடுத்தார். மகள், "என் ரூமுக்கும் உண்டாப்பா?" என்றாள். அவர் பிரசங்கத்துக்கு வாயைத் திறப்பதற்குள் மைக் அக்கா முந்திக்கொண்டாள். தனக்கு வந்தது வயிற்றுக் கட்டி இல்லை என்பதையும், எந்த இடத்தில் என்ன வந்தது என்பதையும், இப்போது ஒரு பயிற்சி செய்ய வேண்டியிருப்பதையும் மகளை உட்கார வைத்துச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்மா. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ யாரும் ஒண்ணுமே சொல்லல. ஃபைல்ல பேரைப் பார்த்துட்டு நெட்ல தேடினேன். ஒரு இடத்துல பிழைச்சுக்கலாம்னு போட்டிருக்கும், இன்னொரு இடத்துல செத்துப்போயிடுவாங்கன்னு போட்டிருக்கும். அதான் பார்த்துட்டே இருந்தேன். அப்புறம் நிறுத்த முடியல."

மைக் அக்கா இதைச் சொல்லிக் கேட்ட எனக்குத் தாங்கவில்லை. அம்மா பிழைப்பாளா என்று அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதற்கு அடிமைத்தனம் என்று பெயர் வைத்து, தாழ்ப்பாளைக் கழற்றியிருக்கிறோம்.

மகள் அறைக்கும் தாழ்ப்பாள் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலிருந்து மூன்று போன்களும் ஹால் மேஜையில் இருக்க வேண்டும் என்று மகளே சட்டம் போட்டாள். முதல் நாள் அதிகம் தவித்தது மாஸ்டர்தான். லாரி ரிவர்ஸ் போகிறதா இல்லையா என்று தெரியாமல் மேஜையையே சுற்றிச் சுற்றி வந்தாராம்.

படுக்கையறைத் தாழ்ப்பாளை மாட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டு, மாஸ்டர் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"நீ போட்டுக்கோ. யாரும் வராம நான் பார்த்துக்கறேன்."

"காவல் காத்தது போதும். உள்ள வாங்க."

வந்தார். கட்டிலின் ஓரத்தில், விருந்தாளி வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். பையிலிருந்ததைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வலிக்குமா?" என்றார்.

அந்த ஒரு வருடத்தில் அவளுடைய உடம்பைப் பற்றி அவளிடமே கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

"தெரியல. மெதுவா பார்ப்போம். வலிச்சா சொல்றேன்" என்றாளாம்.

மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவ்வளவையும் சொன்னாள். "அவர் கேட்டாரு பாரு, இதுவே போதும்னுதான் எனக்குத் தோணுச்சு" என்றாள். "ஆனா போதும்னு நான் சொல்லல. தாழ்ப்பாளைப் போடுங்கன்னு சொன்னேன்."