வாத்தியாரின் குரல்பெட்டி

அந்தத் தெருவில் ரேடியோவோ மைக் செட்டோ பழுதானால் ஸ்கோப்பக்காவிடம்தான் போகும். மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப் ஒன்றைக் கடையில் வைத்திருந்ததால் வந்த பெயர் அது. கைராசிக்காரி; வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாயில் தினமும் அகப்பட்டுக்கொள்பவர் அவள் வீட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் வாத்தியாருக்குக் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. அக்கா மைக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கையளவு பெட்டிக்குள் அடக்கி அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஸ்பீக்கர்கள் கருகின. மூன்றாவதும் போனால் வகுப்பை விட்டுவிட்டு ஆபீஸில் உட்காரச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். பாடம் நடத்தாத வாத்தியாரை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பெட்டியை ஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தாள். அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் சமமாக ஆடியது. பெட்டியில் குறையில்லை என்றால் பழியை யார்மேல் போடுவது?

"நீங்க ஊரைக் கூட்டுற மாதிரி கத்துறீங்க. ஸ்பீக்கர் என்னதான் பண்ணும்?"

அன்றிலிருந்து வாத்தியார் வீட்டில் வாயே திறக்கவில்லை. பேச்சையெல்லாம் வகுப்புக்கென்று மிச்சம் பிடித்தார். உப்புப் போதுமா என்று கேட்டால் ஒரு தலையாட்டல். சாப்பிட உட்கார்ந்தால் உலக நடப்பையே அலசுகிற மனிதர் அவர். அந்த அமைதியில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு மாலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கழுத்தில் பெட்டியின் பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. சரிசெய்யப் போனவளின் கையைப் பெட்டி சுட்டது.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து யார்கிட்டயாவது பேசினீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

பேசாதபோது ஸ்பீக்கருக்கு வேலையே கிடையாது. பிறகு சூடு எங்கிருந்து வந்தது? பெட்டியைக் கழற்றிக்கொண்டு முன்னறைக் கடைக்கு ஓடினாள். ஸ்கோப்பின் சுவிட்சைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வழக்கம்போல் அது ஏசியில் இருந்தது. அந்த நிலையில் ஸ்கோப் ஆட்டத்தை மட்டும் காட்டும். ஆடாமல் நின்று அலையைத் தூக்கிவைத்திருக்கும் டிசி வோல்ட்டேஜை மறைத்துவிடும்.

சுவிட்சை டிசிக்குத் தள்ளிவிட்டு மைக்கில் பேசினாள். அலையின் உயரம் மாறவில்லை. நின்ற இடம் மாறியிருந்தது. மொத்தமும் நடுக்கோட்டிலிருந்து மூன்று வோல்ட் மேலே ஆடியது. பேச்சை நிறுத்தினாள். ஆட்டம் அடங்கியது, கோடு மட்டும் அந்த மூன்று வோல்ட்டை விட்டு இறங்கவில்லை. டிசி ஸ்பீக்கருக்குள் போய்ச் சுடாமல் தடுக்க வேண்டிய கெப்பாசிட்டர் கெட்டிருந்தது. பழைய டிவியிலிருந்து கழற்றி அவளே இந்தப் பெட்டியில் வைத்ததுதான்.

புதியதை வைத்துப் பற்றவைத்ததும் கோடு பூஜ்ஜியத்துக்கு வந்தது. பெட்டியை அவர் கழுத்தில் திரும்ப மாட்டிவிட்டாள்.

"நீங்க பேசினதால எரியலைங்க. பேசாம உட்கார்ந்திருந்தீங்களே, அப்பவும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

வாத்தியார் வாய் திறந்தார். பெட்டி மெல்லக் கரகரத்தது.

"அப்ப இத்தனை நாளும் சும்மாதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேனா? சரி, உட்காரு. சொல்ல வேண்டியது நிறைய பாக்கி இருக்கு. முதல்ல சாப்பாடு. நாலு நாளா நீ உப்புப் போடவே மறந்துட்டே."

நீளவாய்க்காரி எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் என்னென்ன என்று கேட்டுக்கொண்டே அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.