மாப்பிள்ளை இல்லாமல் ஓடிய கம்ப்யூட்டர்

போன மாதம் சீசன் நேரத்தில் என் தங்கை கோமதியும் அவள் புருஷன் சங்கரனும் பம்பாயிலிருந்து தென்காசிக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. வேலை, கம்ப்யூட்டர் புரோகிராமர். எங்கள் தெருவில் யாரும் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. ஆகவே எல்லோரும் வந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்!

மூன்று வருஷத்தில் இதுதான் முதல் லீவு. இதற்காக ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ் போயிருக்கிறார். மெஷினை எப்படி ஓட்டுவது, நின்றால் என்ன செய்வது... எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி ஜூனியரிடம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினாராம்.

முதல் நாள் ஐந்தருவி. தலையில் தண்ணீர் கொட்டும்போதே என் காதில் கத்தினார்.

"மச்சான், ஆபீஸ்ல இருந்து தந்தி வந்தா உடனே கெளம்பிருவேன். தப்பா நெனைக்கப்பிடாது!"

தந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எனக்குச் சந்தோஷம். மாப்பிள்ளைக்கு முகம் வாடிப் போயிற்று. மூன்றாம் நாள் அருவிக்கென்று கிளம்பியவர் தபாலாபீஸுக்குள் நுழைந்துவிட்டார். பம்பாய்க்கு டிரங்க் கால்!

தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். லைன் கிடைத்தது. பேசிவிட்டு வந்தவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

கொல்லத்துக்குப் பேசக் காத்திருந்த ஒரு பெரியவர் பதறிப் போனார். "யாரு தவறிட்டாவ தம்பி?"

"யாரும் தவறல அண்ணாச்சி. மெஷின் நல்லா ஓடுதாம்."

"நல்ல விஷயந்தானே?"

"நான் இல்லாம ஓடுது அண்ணாச்சி!"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அவ்வளவு தெளிவாவா எழுதித் தொலைச்சேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார் மாப்பிள்ளை. "போன வருஷம் ஒருத்தன் கல்யாணத்துக்கு லீவு போட்டான் மச்சான். திரும்பி வந்தா, அவன் நாற்காலியில வேற ஆளு."

சிரிக்கப் போனவன் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்தார். கோமதி பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வேலை போனா போட்டும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க நிம்மதியா ஒறங்கி நான் பாக்கல. இங்கன வந்தாவது ஒறங்குங்க."

உறங்கினார். சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று நானே இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன்!

இதென்ன பிழைப்பு? மெஷின் நின்றால் தூக்கம் போகிறது. ஓடினால் வேலை போய்விடுமோ என்று பயம். மனுஷன் எப்போதுதான் குளிப்பது?

நேற்று கோமதியிடமிருந்து லெட்டர். ஆபீஸ் போன அன்றே மேனேஜர் கூப்பிட்டாராம். மாப்பிள்ளை கும்பிடாத சாமி இல்லையாம். மேனேஜரோ கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்.

"நீங்கள் இல்லாமலே இவ்வளவு நன்றாக ஓடுகிறதே! அப்படியானால் உங்களுக்கு நேரம் நிறைய மிச்சம்... இன்னும் இரண்டு டிபார்ட்மெண்டைச் சேர்த்துப் பாருங்கள்."

வேலை போகவில்லை. லீவுதான் போயிற்று!