முதல் மாதத்துச் சோறு

சும்மாடு சுற்றத் தையலம்மாள் குனிந்து பார்ப்பதில்லை. வில்லியனூர் கூட்டு ரோட்டில் மேஸ்திரிகள் ஆள் பிடிக்க வரும் நேரம். கண் சாலையிலேயே இருக்கும், கை பழைய சேலைத் துணியை முறுக்கித் தலைக்கு அளவாக வளைத்துவிடும். வண்டி நின்றதும் முதல் ஆளாகப் போய் நிற்பார். “இன்னா வேல, எந்த ஊரு, அதெல்லாம் அப்பறம். சாயந்தரம் துட்டு கைக்கு வருமா, அத்தச் சொல்லு.”

உறுவையாற்றுக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். சித்தாள் வேலை, நடவு, களையெடுப்பு வந்தால் அதுவும். எங்கள் வீட்டு மாடி கட்டும்போது பழக்கம். ஜல்லியும் மணலும் சுமந்து உச்சந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி தேய்ந்துவிட்டது. வகிட்டைக் கோணலாக எடுத்து அதை மறைப்பார். பேச்சு சுவாரசியத்தில் மறைத்ததை மறந்து, தலையைக் குனிந்து அவரே காட்டுவார். “எங்கம்மாக்கும் இதே எடத்துல வழுக்கதான் சார். எங்க வூட்டுல சொத்து இல்லன்னு யாரு சொன்னது?”

வாய்ப்பே வராத வீடு அல்ல. தையலம்மாளின் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலை கிடைத்தது, மாதச் சம்பளத்துக்கு. சில நாள் போய்விட்டு அறுப்புக்கே திரும்பிவிட்டார். இவரை இளவயதில் நூல் மில்லில் எடுத்தார்கள். அவரும் பாதி மாதம் தாண்டவில்லை. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்றேன்.

“மொத மாசம் இன்னாத்த துன்றது? நீ போடுவியா சார் சோறு?”

மளிகைக் கடையில் நேற்றைய பாக்கியைக் கொடுத்தால்தான் இன்றைய அரிசி. மாதம் முடிந்து வரும் சம்பளத்துக்குக் கடைக்காரரும் காத்திருக்க மாட்டார், வயிறும் காத்திருக்காது. மாதச் சம்பளம் வாங்கவும் வீட்டில் கொஞ்சம் இருப்பு வேண்டும் என்பது எனக்கு உறைக்க நேரமாயிற்று.

இப்போது மகள் அர்ச்சனாவின் முறை. அம்மாவோடு ஜல்லி சுமந்தவள், மருந்து பாக்கெட் போடும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிதான். அதற்குள் லீவு போட்டால் வேலை போய்விடும். அப்பா ராமு முதுகு பிடித்துப் படுத்திருக்கிறார். மூன்று வயிற்றுக்கும் தையலம்மாளின் கூலி ஒன்றுதான். இந்த வாரம் மழை வேறு. மேஸ்திரிகள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டு இவர் டீயோடு நிறுத்திக்கொள்கிறார்.

இன்று வானம் வெளுத்திருந்தது. நானும் கூட்டு ரோட்டில் நின்றிருந்தேன். மேஸ்திரி கமலக்கண்ணன் வந்தார். “பாகூர்ல காங்கிரீட்டு, தையலு. ஒன்னரைக் கூலி. சோடியா ரெண்டு பேரு வேணும். பொண்ணையும் இட்டுகினு ஏறு. இல்லன்னா நான் வேற சோடி பாத்துக்கிறேன்.”

கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த அர்ச்சனா அம்மாவைப் பார்த்தாள். “ஒரு நாளுதானம்மா. வூட்டுல நாளைக்கு அரிசி இல்லல்ல.”

 தையலம்மாள் பைக்குள் கையை விட்டு, மகளுக்கென்று பழக்கத்தில் இன்னமும் கொண்டுவருகிற இரண்டாவது சும்மாட்டுத் துணியை எடுத்தார். மகளையும் வண்டியில் ஏற்றப்போகிறார் என்றே நினைத்தேன். கம்பெனி பஸ் திரும்புவது தெரிந்தது. மகள் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கினார். மூடி சரியாக மூடாமல் குழம்பு கசிந்துகொண்டிருந்தது. அந்தத் துணியை உதறி, டிபன் பாக்ஸைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டு, அவள் கையில் திணித்து, பஸ் பக்கம் திருப்பிவிட்டார்.