ஒற்றை இரும்பு வளையம்

நாங்கள் கொப்பரை காயப்போடும் களம் பழைய ராணுவ விமான ஓடுதளம். வெள்ளகோவில் பக்கம் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அது எங்கள் குடும்பத்துச் சோளக்காடு. இரண்டாவது போரில் சர்க்கார் எடுத்துக்கொண்டு கான்கிரீட் போட்டது. போர் முடிந்து பட்டாளம் கிளம்பியதும் யாரும் அதை உடைக்கவில்லை. தேங்காய் காயப்போட அதைவிட நல்ல தரை ஏது?

நான் கல்யாணமாகி வந்த வருடம் ஆடிக் காற்றில் தார்ப்பாய் பறந்தது. தரையில் பதித்திருந்த இரும்பு வளையத்தில் மாமனார் கயிற்றைக் கட்டினார். "நாம தார்ப்பாயக் கட்டறோம் அம்மணி. அன்னிக்கு இதுல ஏரோப்ளேனையே கட்டிப்போட்டாங்க. இந்தக் காத்துக்கு அதும் நகந்துரும்" என்றார். மற்ற வளையங்களைப் பழைய இரும்புக்காக யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒன்றுதான் மிச்சம். அதைப் பற்றி நான் சொன்ன ஒரே ஆள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி.

அவள் படித்தவள், நாலு பேர் முன்னால் பேசுவாள். எனக்குப் பத்தாவதோடு சரி. புது ஆட்களைக் கண்டால் பேச்சு வராது. இந்த ஓடுதளத்தைப் பற்றிப் படமெடுக்கக் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் கேமராவோடு வந்தபோது, இருபது வருடமாக அந்தக் களத்தில் குனிந்து நிமிரும் என்னை யாரும் கேட்கவில்லை. பல்லடத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த அவள்தான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, "எங்க மாமா சொல்லுவாருங்க..." என்று ஆரம்பித்தாள். அவள் இந்த வீட்டுக்கு வரும் முன்பே மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்னதெல்லாம் என்னிடம். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏரோப்ளேன் நின்னதுக்கு அடையாளம் ஏதாச்சும் இருக்குங்களா?" என்றாள் ஒரு பெண்.

கொப்பரையைப் புரட்டுகிற சாக்கில் நகர்ந்து, வளையத்தின் மேல் உட்கார்ந்து சேலையைப் பரப்பிக்கொண்டேன். வெயிலில் இரும்பு சுட்டது.

"ஏனுங்க்கா, ஒரு வளையம் இருக்குதுன்னு சொல்லுவீங்கல்ல? எங்கீங்க அது?" என்று ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள்.

"அதையும் அறுத்துட்டுப் போயிட்டாங்க கண்ணு."

"அடடா, எங்கிட்ட சொல்லவே இல்லீங்க?"

"நீதான் எல்லாந் தெரிஞ்சவளாச்சே."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர்கள் கேமராவை மூடும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் அந்தப் படத்தைச் செல்போனில் கொண்டுவந்து காட்டினாள். "நீங்களும் வந்திருக்கீங்க, பாருங்க்கா!" அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். படத்தில் ஒரு குரல், விமானங்கள் நின்றதற்கு இங்கே எந்த அடையாளமும் மிஞ்சவில்லை என்கிறது. அந்த நேரத்தில் திரையில் தெரிவது, சேலையைப் பரப்பி அசையாமல் உட்கார்ந்திருக்கும் நான்.