எக்ஸ்ரே அக்கா ஏரிக்குப் போன கோடை

அந்தத் துணிக்கடைக்குள் நுழைய மூன்று வாசல்கள் உண்டு, வெளியேற ஒன்றுதான். அந்த ஒன்றில் உயரமான ஸ்டூல் போட்டுப் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கடைப் பெண்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே அக்கா. பில்லை வாங்கி, பைக்குள் இருப்பதோடு ஒப்பிட்டு, ஓட்டை போட்டுத் திருப்பித் தருவது அவள் வேலை. ஆனால் அவள் பில்லைப் பார்ப்பதைவிட ஆளைத்தான் அதிகம் பார்ப்பாள். மடியில் கனமில்லாதவர்கள் வெளியே அடிக்கும் வெயிலை நினைத்துச் சலித்துக்கொண்டே வருவார்கள். கனமுள்ளவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"காரணமில்லாம ஒருத்தர் நம்மளப் பார்த்துச் சிரிச்சா, பையை நல்லாத் தோண்டிப் பாருங்கடி" என்று புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்லுவாள்.

வீட்டிலும் அதே கண்தான். அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தாமதமாக வந்த நாட்களில் கேட்பதற்கு முன்பே எங்கே போனேன், எந்த கம்ப்ரசர் தகராறு செய்தது என்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்தவள் அக்காதான். சின்னவளுக்கு வந்த வரன்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்திச் சோதனை போட்டாள். ஒருவன் பேச்சு சரியில்லை, ஒருவன் பார்வை சரியில்லை. கடைசியில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தங்கை, நாற்பது தாண்டிய பிறகு அக்காவைக் கேட்காமலே ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். முன்கூட்டியே ஓய்வு வாங்கிய டிரைவர். தலை நரைத்த அந்தப் புது மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தபோதெல்லாம் சிரித்தார். போதாதா?

அந்தக் கோடையில் துணிக்கடையை வெள்ளையடிக்க மூடினார்கள். நால்வருமாக ஒரு வேனில் ஏரிக்கரை ஊர்களைச் சுற்றி, கூடாரம் போட்டுத் தங்கி வரலாம் என்று தங்கை கூப்பிட்டாள். மெக்கானிக் ஒரு நண்பனின் வேனை இரவல் வாங்கினார். அடுப்பு, பாய், மடக்கு நாற்காலி, இரண்டு கூடாரம். அக்கா தன் பங்குக்குச் சந்தேகத்தை மட்டும் கொண்டுபோனாள்.

முதல் நாளே அதற்குத் தீனி கிடைத்தது. காலம் பூராவும் பஸ் ஓட்டிய ஆள் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. மலைச்சரிவில் மெக்கானிக் கை வலிக்கிறது என்று முனகியபோதும் பின்சீட்டில் கம்மென்று இருந்தார்.

"நீங்க கொஞ்சம் ஓட்டுங்களேன் சகலை."

"ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு சகலை. இப்பதான் ஜன்னல் வழியா ஊரைப் பார்க்கிறேன்."

அலுத்துப்போனவர் வளைவுக்கு வளைவு காலால் இல்லாத பிரேக்கை ஏன் மிதிக்கிறார் என்று அக்கா யோசித்தாள்.

முதல் ஏரி அழகான ஏரி. சுற்றிலும் பைன் மரங்கள், கரையில் வாடகைப் படகுகள், ஒரு ஐஸ்கிரீம் கடை. வெயில் சாய்ந்ததும் மற்ற கூடாரங்களில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையோ தலைவலி என்று கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்துக்கொண்டார். மறுநாள் அடுத்த ஊர், அடுத்த ஏரி. அன்றைக்கு வயிறு சரியில்லை. அதற்கடுத்த ஊரில் கூடாரத்திலிருந்து கழிப்பறை வரை மரத்துக்கு மரம் ஒரு கயிறு கட்டினார். துணி காயப்போட என்றார். மாலைவரை அதில் ஒரு கர்சீப்கூடத் தொங்கவில்லை.

"ஆள் நடமாட்டம் வந்ததும் உள்ள போய்ப் பதுங்கறாரே, கவனிச்சீங்களா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"தூக்கம் வந்திருக்கும்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் தூக்கம்தான்."

நான்காவது ஊரின் பெட்ரோல் பங்கில் அவள் சந்தேகத்துக்குக் கைகால் முளைத்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். பழைய கண்டக்டராம்.

"என்ன சார், இப்படித் திடீர்னு வேலையை விட்டுட்டுப் போயிட்டீங்க? ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. நிஜமா என்னதான் நடந்தது?"

"ஒண்ணுமில்ல, அப்புறம் பேசுவோம்" என்று கையை உருவிக்கொண்டு மாப்பிள்ளை வேனில் ஏறிவிட்டார். முகம் வெளுத்திருந்தது. ஆக, ஓய்வு வாங்கவில்லை, ஓடி வந்திருக்கிறார். எதைச் செய்துவிட்டு?

மறுநாள் மதியம் மூவரும் நீந்தப் போனார்கள். அக்கா கால் வலி என்று தங்கிவிட்டாள். தங்கையின் கூடாரத்துக்குள் புகுந்து மாப்பிள்ளையின் பையைத் திறந்தாள். தொழில் பழக்கம். சட்டை, ஷேவிங் செட், டார்ச் ஒன்றுக்கு இரண்டு. அடியில், துண்டில் சுருட்டிய ஒரு மடக்குக் கோல். விரித்தாள். வெள்ளைக் கோல், நுனியில் சிவப்பு.

கடைக்கு மாதம் ஒருமுறை வரும் பார்வையில்லாத பெரியவர் கையில் இதே கோலைப் பார்த்திருக்கிறாள். இருந்தது போலவே மடக்கி, சுருட்டி, அடியில் வைத்தாள்.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அது பக்கம் மாறிப் படுத்தது, அவ்வளவுதான். கண் கோளாறை மறைத்துக் கல்யாணம் செய்திருக்கிறார். சின்னவளுக்குத் தெரியுமா?

அன்று சாயங்காலம் தங்கையும் மெக்கானிக்கும் படகில் போனார்கள். காற்று எதிர்த்தடித்ததால் திரும்பத் தாமதமானது. வெளிச்சம் மங்க மங்க மாப்பிள்ளை கூடார வாசலில் நிலைகொள்ளாமல் நின்றார். பிறகு தண்ணீர்ச் சத்தத்தை வைத்துப் படகுத்துறை மரப்பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பாதி தூரத்தில் பாதை வலப்பக்கம் திரும்பியது, அவர் திரும்பவில்லை. நேராக, பாறைச் சரிவை நோக்கிப் போனார்.

"மாப்பிள்ளை, நில்லுங்க. வலது பக்கம் திரும்புங்க."

நின்றார். அக்கா முன்னால் போனாள். கையைப் பிடிக்கத் தோன்றவில்லை. பேசிக்கொண்டே நடந்தாள். இங்கே ஒரு படி, இங்கே ஒரு வேர், பாலத்தில் இடப்பக்கப் பலகை போயிருக்கிறது. அவர் குரலைத் தொட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"எப்பத் தெரிஞ்சது அக்கா?"

"இன்னைக்குத்தான். எத்தனை நாளா?"

"மாலைக்கண்ணுதான்னு முதல்ல நினைச்சேன். அது இல்லையாம், விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாப் போகுதாம். ஒரு சாயங்காலம் ரோட்டைக் கடந்தவரை ரொம்பக் கிட்ட வந்தப்புறம்தான் பார்த்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. மறுநாளே சாவியைக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லணும்னுதான் கோலைக்கூடக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு ஏரியிலயும் அடுத்த ஏரியில சொல்லலாம்னு தள்ளிப்போட்டுட்டே வர்றேன்."

படகு வந்தது. அவர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

காலையில் குழாயடியில் பாத்திரம் விளக்கும்போது அக்கா சுற்றி வளைத்து ஆரம்பித்தாள். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் கண்ணு நல்லா இருக்குல்ல?"

தங்கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கண்ணாடிக்கடையில நான் என்ன பழமா விக்கிறேன்? முதல் தடவை அவர் டீ கப்பைத் தேடி எடுத்தப்பவே தெரியும்."

"அப்ப ஏன் கேட்கல?"

"அவரா சொல்லட்டும்னு இருக்கேன். நீ நடுவுல வராதேக்கா. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

அக்கா தலையாட்டினாள். நிஜமாகவே வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தாள். ஆனால் வேனில் பின்சீட்டில் அந்த இரண்டு பேரும் செய்தது சகிக்கவில்லை. தங்கை "அதோ பாருங்க, பறவை" என்கிறாள். அவர் ஏதோ ஒரு பக்கம் பார்த்து "ஆமாமா, அழகு" என்கிறார். முழுப் பூசணிக்காயை ஆளுக்குப் பாதியாக மறைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை, அவளுக்கு எல்லாம் தெரியும். முதல் நாள்ல இருந்தே தெரியும். ரெண்டு பேரும் நடிச்சது போதும்."

மெக்கானிக் வண்டியை ஓரம் கட்டினார். அவருக்கு மட்டும்தான் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பின்னாலிருந்து மாப்பிள்ளை கேட்டார், "நிஜமாவா?" தங்கை அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அழுதார். அவள் அழவில்லை, முன்சீட்டில் இருந்த அக்காவின் பின்னந்தலையைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

"பையைத் திறந்தியா?"

"திறந்தேன்."

மிச்சமிருந்த இரண்டு ஏரிகளிலும் மாப்பிள்ளை நெருப்பருகே உட்கார்ந்து, ஓட்டிய காலத்துக் கதைகளாகச் சொன்னார். கோலைத் தட்டிக்கொண்டு தானே கழிப்பறைக்குப் போய்வந்தார். தங்கை எல்லோரிடமும் பேசினாள், அக்காவிடம் தவிர. ஊர் திரும்பிய பிறகும் வெகுநாள் அந்த மௌனம் நீடித்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போல் பைகளைப் பார்த்தாள். சொன்னது சரியா தப்பா என்று மட்டும் அவளால் தீர்மானிக்க முடியவில்லை. சொல்லாதிருந்தால் இன்னும் எத்தனை ஏரி கடந்திருப்பார்கள்?

அடுத்த கோடையில் தங்கையிடமிருந்து ஃபோன் வந்தது.

"போன தடவை மாதிரி ஏரிப்பக்கம் போறோம். வர்றீங்களா?"

"எதுக்குக் கூப்பிடறே?" என்றாள் அக்கா.

"வண்டி ஓட்ட மாமா வேணும்ல. அவரோட நீயும் வா."

அக்கா சரி என்றாள். வைத்த பிறகு, அது மட்டும்தான் காரணமா என்று கணவரைத் துளைத்தெடுத்தாள். அவர் இரவல் வேனுக்குச் சொல்லி வைக்க நண்பனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.