பம்புக்குள் கல் சத்தம்

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதற்கு முன்னால், பாலோ பக்கம் கித்தா என்கிற ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஆற்றங்கரைப் பம்பை ஓட்டினார். நாங்கள் குடியிருந்த லயத்துக்கும், ரப்பர்ப் பால் உறைய வைக்கிற ஸ்டோருக்கும் அந்தத் தண்ணீர்தான். வெயிலில் ஆறு இறங்கிப்போன சமயம், பம்புக்குள் கல் உருளுகிற மாதிரி சத்தம் கிளம்பியது.

"என்னடி, உன் வீட்டுக்காரரு உள்ள கடலை வறுக்கிறாரா?" என்று துறையில் பெண்கள் கேலி செய்தார்கள்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து காது கொடுத்துக் கேட்டார். "கல்லு ஏறுதுடா. ஆத்துக்குள்ள இருக்கிற குழாய் வாயில துணியக் கட்டு" என்றார். என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார்கள். சத்தம் கூடியது. "இன்னும் ரெண்டு சுத்து கட்டு" என்றார். அதையும் கட்டினார்கள். பிறகு தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது.

பம்பைக் கழற்றினால், சக்கரத்தை ஒட்டிய இரும்புச் சுவர் முழுக்கக் குழி.

"இரும்புக்கு அம்மை போட்டிருக்கு பாரு. பாலை உறைய வைக்கிற திராவகத்தத் திருடி ஊத்தியிருக்கே" என்று கிராணி என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடமும் இங்கிலீஷில் அதையே சொன்னார். கிராணியை விட்டால் எங்கள் பேச்சு துரைக்குப் போக வேறு வழி இல்லை. திருட்டுப் பேர் வாங்கினவனை எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். பிள்ளையை எங்கே போய்ப் பெறுவேன்?

சிங்கப்பூர்ப் பட்டறையிலிருந்து மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் வந்தார். தமிழர். குழியைத் தடவிப் பார்த்தார்.

"திராவகம் இல்ல, கல்லும் இல்ல. தண்ணி போதாம இழுத்தா உள்ள குமிழி கட்டும். நடுவுல உடைஞ்சா தொல்லை இல்ல. இங்க சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவுல விரல் நுழையாது. குமிழி சுவர ஒட்டி உடையும். சுவர்ப் பக்கமிருந்து தண்ணி வர முடியுமா? எதிர்ப்பக்கத் தண்ணிதான் பாய்ஞ்சு இரும்பக் குத்தும். ஓயாம குத்தினா இப்படித்தான். தண்ணிய மறிச்சுத் துணி கட்டச் சொன்னது யாரு, தம்பி?"

கிராணியும் துரையும் பக்கத்திலேயே நின்றார்கள். நான் தள்ளி நின்றவள், முன்னால் வந்தேன்.

"கிராணி ஐயாதான் சொன்னாரு. கட்டினது என் சேலை. தொரைகிட்ட நீங்களே சொல்லுங்க."

"பொம்பள பேசற எடமா இது?" என்றார் கிராணி.

பிட்டர் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். துரை அதை நம்பினார். என் வீட்டுக்காரர் வேலை தப்பியது.

ஆனால் கிராணியின் வேலையும் போகவில்லை. மறுநாளே என்னைத் தூரத்து மலைக்காட்டில் பால் வெட்டப் போட்டார். நிறைமாதம் வரை ஏறி இறங்கினேன்.

"நீ பேசாம இருந்திருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"இருந்திருக்கலாம். சோத்துக்கு எங்க போயிருப்பீங்க?"

பிட்டரிடம் அன்று நான் பேசியதை ஒரு சொல் குறையாமல் எழுதியிருக்கிறேனா என்று பார்க்க வேண்டும், எழுதி எழுதிக் கண் மங்கிவிட்டது. இந்தா பேத்தி, முதலிலிருந்து வாசி. நான் முன்னால் வருகிற இடத்தில் சத்தமாக வாசி.